ராத்திரி டியூட்டி டாக்டருக்கு ஒரு போன் நம்பர்

கொரோனா காலத்துத் தொலைமருத்துவம் என்றதும் எல்லாருக்கும் மனதில் வருவது வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பவர் செல்போனில் டாக்டரைப் பார்ப்பதும், டாக்டர் சீட்டை வாட்ஸாப்பில் அனுப்புவதும்தான். அது நடந்தது, நன்றாகவே நடந்தது. ஆனால் அந்த இரண்டு அலைகளிலும் என் போனுக்கு அதிகம் வந்தவை டாக்டர்களின் அழைப்புகள். தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் சின்ன நர்சிங் ஹோம்களிலும் ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், படித்து முடித்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும். நான் நெஞ்சக நோய் மருத்துவம் பார்ப்பவன். தெற்கே ஒரு மாவட்டத் தலைநகரில் வேலை. தொலைமருத்துவம் மருத்துவருக்குச் செய்த உதவி, நோயாளிக்குச் செய்த உதவியைவிடப் பெரியது என்பது என் கட்சி.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், டாக்டர்களுக்கு முதல் பயம் அதுதான். 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், நேரில் பார்க்காமல் போனிலேயே மருந்து சொல்லி நோயாளி இறந்துபோன ஒரு வழக்கில் டாக்டர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் போனில் பாராசிட்டமால் சொல்லக்கூட யோசித்தார்கள். சொன்னார்கள்தான், யார் சொல்லவில்லை? ஆனால் "நான் சொன்னேன்னு எழுதிடாதே" என்ற பின்குறிப்போடு.

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளிவந்தன. வீடியோ, குரல், எழுத்து மூன்றிலும் வைத்தியம் பார்க்கலாம். எந்த மருந்தை முதல் தடவையிலேயே எழுதலாம், எதை ஏற்கெனவே பார்த்த நோயாளிக்கு மட்டும் எழுதலாம், எதைத் தொடவே கூடாது என்று பட்டியல். சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். நோயாளி தானே அழைத்தால் அவர் சம்மதித்ததாகவே கொள்ளலாம். பத்திரிகைகள் இதையெல்லாம் எழுதின. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் யோசனை கேட்பதற்கும் அதில் இடம் இருந்ததை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கேட்கலாம்; ஆனால் சிகிச்சைக்குப் பொறுப்பு கேட்டவருக்குத்தான், சொன்னவருக்கு இல்லை. நியாயமான விதி. படுக்கை அருகே நிற்பவர்தானே பார்க்கிறார், தொடுகிறார். இருந்தாலும் இருபத்தாறு வயதில் தனியாக நிற்கும் ஒரு பிள்ளைக்கு அந்த வரி எவ்வளவு கனம் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நோயாளிகளுக்கான ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டரைப் பார்க்க மத்திய அரசின் இ-சஞ்சீவனி ஓபிடி 2020 ஏப்ரல் 13-ல் வந்தது. மொஹாலியில் இருக்கும் சி-டாக் என்ற அரசுக் கணினி நிறுவனம் செய்த மென்பொருள். ஆகஸ்டில் நாடு முழுக்க ஒன்றரை லட்சம் ஆலோசனைகளைக் கடந்தபோது தமிழ்நாடுதான் முதலிடத்தில் இருந்தது. எங்கள் ஊரில் அதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் கொரோனா நோயாளிகளே அல்ல. ஷுகர் மாத்திரை தீர்ந்தவர், பிரஷருக்கு மாத்திரை மாற்ற வேண்டியவர், பஸ் இல்லாமல் வீட்டில் மாட்டிக்கொண்டவர். அவர்கள் ஓ.பி. வரிசைக்கு வராமல் இருந்ததே டாக்டர்களுக்குப் பாதிப் பாரம் குறைந்த மாதிரி.

வார்டுக்குள்ளேயும் ஒரு தொலைமருத்துவம் நடந்தது. பிபிஇ உடைக்குள் போனால் தண்ணீர் குடிக்க முடியாது, மூக்கைச் சொறிய முடியாது, கண்ணாடி பனித்துவிடும். கிட் தட்டுப்பாடாக இருந்த ஆரம்ப மாதங்களில் மூன்று பேர் சேர்ந்து ரவுண்ட்ஸ் போவது ஆடம்பரம். ஒருவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே ஒரு அறையில் டேப்லெட்டைப் பார்த்தபடி. உள்ளே இருப்பவர் காட்டுவார், வெளியே இருப்பவர் கேஸ் ஷீட் எழுதுவார். ஒரு வாரம் டியூட்டி, அப்புறம் லாட்ஜில் தனிமை என்று சுழற்சி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் லாட்ஜ் அறையிலிருந்தும் வேலை பார்த்தோம். அறுபது தாண்டிய, பைபாஸ் ஆன எங்கள் பழைய பேராசிரியர் ஒருவரை வார்டுப் பக்கம் வரவே விடவில்லை. இரண்டாம் அலையில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட டாக்டர்கள் இறந்ததாக இந்திய மருத்துவச் சங்கம் பின்னர் கணக்குச் சொன்னது. வயதானவர்களை உள்ளே விடத் துணிச்சல் வருமா? அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொன்னார். ட்யூப்லைட்டுக்கு எதிரே ஃபிலிமைப் பிடித்து எடுத்து அனுப்புவார்கள். ஒரு பையன் வலது பக்கம் பெரிய வெள்ளைத் திட்டு என்று பதறி அனுப்பினான். சார் திருப்பி அனுப்பிய குரல் பதிவு எங்கள் குரூப்பில் ரொம்ப நாள் சுற்றியது: "தம்பி, அது நிமோனியா இல்லடா, உன் போன் ஃபிளாஷ். ஆஃப் பண்ணிட்டு எடு."

டெல்லியிலும் இதை முறையாகச் செய்ய முயன்றார்கள். எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர்கள் டாக்டர்களைக் கேட்பதற்கென்றே இருபத்து நான்கு மணி நேர மையம் ஒன்றை 2020 மார்ச் 28-ல் திறந்தார்கள். ஜூலை 8-லிருந்து வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பெரிய கொரோனா மருத்துவமனைகளின் ஐசியு டாக்டர்களோடு வீடியோவில் கேஸ் பேசினார்கள். முதல் அமர்வில் மும்பையிலிருந்து ஒன்பது மருத்துவமனை, கோவாவிலிருந்து ஒன்று. நல்ல முயற்சி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 500 படுக்கை, 1000 படுக்கை உள்ள இடங்களில் ஏற்கெனவே கேட்க ஆள் உண்டு. முப்பது படுக்கை ஆஸ்பத்திரியில்தான் யாரும் இல்லை. இன்னொன்று, டெல்லியில் உட்கார்ந்து மருந்து சொல்பவருக்கு இங்கே நம் ஸ்டோரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எந்த வார்டில் பைப் ஆக்ஸிஜன், எந்த வார்டில் சிலிண்டர், ஞாயிற்றுக்கிழமை லேப் உண்டா, பக்கத்து ஊருக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரம்? இது தெரிந்தவர் சொல்லும் யோசனைதான் காலில் நிற்கும்.

2021 மே. ராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும். பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டாக்டர், எங்கள் கல்லூரியில் படித்தவர்.

"சார், தூங்கிட்டீங்களா? ஐம்பது வயசு ஆள், ஷுகர் இருக்கு, காய்ச்சல் ஆரம்பிச்சு எட்டாவது நாள். என்.ஆர்.பி.எம். மாஸ்க் போட்டும் ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் எண்பத்தி நாலைத் தாண்ட மாட்டேங்குது. ரெஃபர் பண்ணிடட்டுமா சார்?"

"ஆம்புலன்ஸ்?"

"சொல்லியிருக்கோம் சார். ஒரு மணி நேரம் ஆகுமாம்."

"சரி, அதுவரைக்கும் வீடியோவில் வாம்மா."

போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு சிஸ்டர் பிடித்துக்கொண்டார். படம் மங்கல்தான். நோயாளியின் முகத்தைப் பார்த்தேன், பயந்திருந்தார், ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்னார். நெஞ்சைக் காட்டச் சொல்லி ஒரு நிமிடம் யாரும் பேசாமல் மூச்சை எண்ணினேன். முப்பத்தாறு. கழுத்துத் தசை இழுக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போனைக் கீழே இறக்கச் சொன்னபோதுதான் மாஸ்க்கின் கீழே தொங்கும் பை கண்ணில் பட்டது. சப்பையாகக் கிடந்தது. அந்த மாஸ்க்கில் பை எப்போதும் உப்பியிருக்க வேண்டும்; ஆள் இழுக்கும் மூச்சு அதிலிருந்துதான் வருகிறது. பை சுருங்கிக் கிடந்தால் அவர் அறைக் காற்றைத்தான் இழுக்கிறார் என்று அர்த்தம்.

"ஃப்ளோ எவ்வளவும்மா?"

"அஞ்சு சார்... ஐயோ."

"விடு. பதினஞ்சு வை."

ஆக்ஸிஜனைச் சிக்கனமாக விடுங்கள் என்று பகல் ஷிஃப்டில் யாரோ சொல்லிக் குறைத்திருக்கிறார்கள், கைமாறும்போது யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் ராத்திரி டியூட்டிக்கு வந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார், கண்ணாடி பனித்திருக்கிறது, நாற்பது பேரைப் பார்க்கிறார். இதைக் கண்டுபிடிக்க நெஞ்சக நோய்ப் படிப்பு தேவையில்லை. களைக்காத இன்னொரு ஜோடிக் கண் போதும். அப்புறம் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தோம். தொப்பை பெரிது, முடியாது என்றார். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் ஆளுக்கொரு தலையணை வைத்தால் முடியும். அரை மணி நேரத்தில் தொண்ணூற்று இரண்டு.

ரெஃபர் செய்வதா வேண்டாமா என்ற கேள்வி அதற்கப்புறம்தான். இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு, அந்த மே மாதத்தில் நாங்கள் எல்லாரும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தது. டி டைப் பெரிய சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் ஏழே முக்கால் மணி நேரம் வரும். அதையே ஹை ஃப்ளோ மிஷினில் 60 லிட்டரில் ஓட்டினால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஆம்புலன்ஸில் இருக்கும் பி டைப் சின்ன சிலிண்டரில் 1,500 லிட்டர்தான். 15 லிட்டரில் நூறு நிமிடம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், போன பின் வாசலில் காத்திருக்க வேண்டும். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற படங்கள் எல்லாச் சேனலிலும் ஓடிய நாட்கள் அவை. மாவட்டங்களிலும் அதே கதைதான், கேமரா மட்டும் இல்லை. அனுப்பினால் வாசலில் காத்திருக்கும்போதே சிலிண்டர் தீரும். வைத்துக்கொண்டால் பொறுப்பு அந்தப் பெண்ணுடையது. "வச்சுக்கோ, காலையில பார்ப்போம், நான் போனை எடுப்பேன்" என்று ஒருவர் சொல்லாவிட்டால் அவர் கட்டாயம் அனுப்பியிருப்பார். யாராக இருந்தாலும் அனுப்பியிருப்பார்கள். அந்த நோயாளி இரண்டு வாரம் போல இருந்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார்.

எல்லா அழைப்பும் இப்படி முடியவில்லை. என்ன செய்தாலும் ஏறாத சாச்சுரேஷன், எங்கேயும் இல்லாத வென்டிலேட்டர். அந்த மாதிரி ராத்திரிகளில் நான் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. வெளியே நிற்கும் மகனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள், அதைப் பேசிக்கொள்வோம். சில நேரம் அந்த மகனிடம் நானே ஸ்பீக்கரில் பேசினேன். ஊரிலிருந்து பெரிய டாக்டர் பேசுகிறார் என்றால் கை ஓங்க வந்தவர்கள்கூடக் கொஞ்சம் நின்று கேட்டார்கள். டாக்டர்மீது அடி விழாமல் காத்ததும் தொலைமருத்துவக் கணக்கில்தான் சேர வேண்டும்.

செய்யாதே என்று சொல்வதற்கும் ஆள் தேவைப்பட்டது. சொல்லப்போனால் அதற்குத்தான் அதிகம். 2020 ஜூன் 16-ல் இங்கிலாந்தின் ரிக்கவரி ஆய்வு முடிவு வந்தது: டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, தினம் 6 மில்லிகிராம், பத்து நாள் வரை. வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும் ஆக்ஸிஜனில் இருப்பவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவருக்கு ஒரு பலனும் இல்லை. நாலு காசு மருந்து, அதனால் எல்லாரிடமும் இருந்தது. அதனாலேயே காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே கொடுத்தார்கள். இரண்டாம் அலையில் ஷுகர் ஏறி, கருப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்தவர்களைப் பார்த்த பிறகுதான் பலருக்கு உறைத்தது. ரெம்டெசிவிர் கதை இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2021 மே மாதம் கீழ்ப்பாக்கத்தில் அந்த ஊசிக்காக மக்கள் ராவெல்லாம் வரிசையில் நின்றார்கள். சீட்டு எழுதிக் கொடு என்று பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும்போது ஒரு சின்னப் பெண் எப்படி மறுப்பாள்? "மெடிக்கல் காலேஜ் சார்கிட்ட கேட்டேன், வேண்டாம்னுட்டார்" என்று சொல்ல முடிந்தால் மறுக்கலாம். என் பெயரைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளச் சொன்னேன். திட்டு எனக்கு விழட்டும், வார்டில் நிற்பவருக்கு வேண்டாம்.

அந்த மே மாதம் 3-ம் தேதி பிரதமர் அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. நீட் முதுகலைத் தேர்வு குறைந்தது நான்கு மாதம் தள்ளிவைப்பு. இறுதியாண்டு எம்பிபிஎஸ் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் லேசான நோயாளிகளுக்குத் தொலைபேசி ஆலோசனை சொல்லலாம். சென்னை மாநகராட்சியும் மாணவர்களை எடுத்து, வீட்டுத் தனிமையில் இருந்தவர்களைக் கூப்பிட வைத்தது. வார்டு டாக்டர் தலையிலிருந்து இறக்க முடிந்த சுமைகளில் இதுதான் பெரியது. எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். எத்தனையாவது நாள் என்று முதலில் கேள். அவர் சொல்லும் பதிலைவிடச் சொல்லும் விதத்தைக் கேள்: வாக்கியத்தை முடிக்கிறாரா, நடுவில் மூச்சுக்கு நிறுத்துகிறாரா? ஆறு நிமிடம் வீட்டுக்குள் நடக்கச் சொல்லி ஆக்ஸிமீட்டரைப் பார்க்கச் சொல். 94-க்குக் கீழே போனாலும், நடந்தபின் மூன்று நான்கு புள்ளி இறங்கினாலும் எங்களிடம் சொல். சி.டி. ஸ்கேனில் 25-க்கு எத்தனை என்று அவர்கள் ஒப்பிக்க ஆரம்பித்தால் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் சாச்சுரேஷன் எவ்வளவு என்று கேள்.

போனை நம்பி ஏமாறவும் முடியும். நெயில் பாலிஷ் போட்ட விரல், சில்லிட்ட விரல், தெருவில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் எல்லாமே பொய் சொல்லும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, கருவி காட்டாத ஆக்ஸிஜன் குறைவு வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததைக் காட்டியது. கறுத்த விரல்கள் நிறைந்த நம் ஊரில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. கால் வீங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்க முடியாது. நெட்வொர்க் எப்போதும் முக்கியமான இடத்தில் உறைந்து நிற்கும்.

நோய் அடங்கியதும் குரூப்புகளும் அடங்கின. தீபாவளி வாழ்த்து மட்டும் வருகிறது. அந்த ராத்திரி அழைப்புகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வேலை நேரமாக யாரும் கணக்கெடுக்கவில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் அதைக் கேட்டபோது "நீங்க பிரியப்பட்டுப் பண்ணினதுதானே" என்றார்கள். சொன்ன யோசனையை அழைப்பு முடிந்ததும் நாலு வரி மெசேஜாக அனுப்புவதையும், அதை அவர்கள் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுவதையும் நாங்களாக வழக்கமாக்கிக்கொண்டோம்.

இதை முறையாகச் செய்ய முடியாது என்பதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் 2003-ல் தொடங்கியது எக்கோ திட்டம். ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருந்தார்கள். அவர் கிராமத்து டாக்டர்களோடு வாராவாரம் வீடியோவில் உட்கார்ந்து கேஸ்களைப் பேசினார், வைத்தியம் அவர்களே பார்த்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், கிராமத்து டாக்டர்களிடம் 58.2. நம் நாட்டிலும் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த முறையை மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் எடுத்துக்கொண்டது. கொரோனாவுக்குப் பின் சில மாநிலங்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளில் பத்துப் படுக்கை ஐசியு வைத்து டெலி-ஐசியுவோடு இணைக்கும் திட்டமும் வந்தது.

நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை. மாவட்டத்துக்கு ஒரு ராத்திரி ரோஸ்டர். ஒரு பொது மருத்துவர், ஒரு மயக்க மருத்துவர், ஒரு குழந்தை மருத்துவர். அன்றைக்கு யார், என்ன நம்பர் என்று ஒவ்வொரு டியூட்டி ரூம் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டும், அழைத்ததும் சொன்னதும் பதிவாக வேண்டும், அந்த நேரம் சம்பளக் கணக்கில் வர வேண்டும். ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது வந்த பதில்: "எல்லாரும்தான் அவங்கவங்க சீனியருக்குப் போன் பண்ணிக்கிறாங்களே சார், அதுக்கெதுக்கு ரோஸ்டர்?"

சீனியர் இருப்பவர்கள் பண்ணுகிறார்கள். சீனாவிலோ பிலிப்பைன்ஸிலோ படித்துவிட்டு, இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேறி, தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் வேலைக்குச் சேரும் பையன் யாரைக் கூப்பிடுவான்? சமீபத்தில் அப்படி ஒருவன் பூச்சிமருந்து குடித்த கேஸ் ஒன்றுக்கு என்னை அழைத்தான். வென்டிலேட்டர் வேண்டியிருக்குமா, அட்ரோபின் எவ்வளவு போகலாம் என்று கேட்டான், பேசினோம். கடைசியில், என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்தாராம்.